1915-இல் சிதறிய ஆர்மீனியக் குடும்பத்தின் பூர்வீக ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

வம்சத் தேடலில் இறங்கும் எவரும் முதலில் குடும்பப் பெயரைத்தான் பிடித்துக்கொள்வார்கள். 1915-இல் உதுமானியப் பேரரசில் நடந்த ஆர்மீனிய இனப்படுகொலையில் தப்பியவர்களின் விஷயத்தில் அது பெரும்பாலும் முட்டுச்சந்தில் போய் நிற்கும். தெர்சியான் என்றால் தையற்காரர் வீட்டார், தெமிர்ஜியான் என்றால் கொல்லர் வீட்டார், எக்மெக்ஜியான் என்றால் ரொட்டி சுடுபவர் வீட்டார். இந்தத் தொழில்கள் இல்லாத ஊரே அங்கு இல்லை. அதனால் ஒரே பெயரில் நூறு குடும்பங்கள் இருக்கும், ஒன்றுக்கொன்று உறவு இருக்காது. ஊர்ப்பெயரும் தகப்பன் பெயரும்தான் உறுதியான பிடி. பெயரின் முன்னால் 'தெர்' தனி முன்னொட்டாக இருந்தால் மட்டும் கொஞ்சம் நம்பலாம்: முன்னோரில் ஒருவர் பாதிரியாராக இருந்திருக்கிறார் என்று பொருள்.

வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் உட்காருங்கள். "எந்த ஊர்?" என்று மட்டும் கேட்டால் "கார்பெர்த்" என்பார்; அது பெரும்பாலும் மாகாணத்தின் பெயர். மலைமேல் நகரம், கீழே சமவெளியில் ஹுசெய்னிக், ஹபுசி என்று ஏராளமான கிராமங்கள். ஆகவே தேவாலயத்தின் பெயர், பக்கத்து ஊர், ஆறு, யார் வீட்டில் பெண் எடுத்தார்கள் என்று கிளைக் கேள்விகளாகக் கேளுங்கள். சொல்வதைச் சொன்னபடியே ஒலிப்பதிவு செய்யுங்கள். எழுதும்போது நம்மை அறியாமல் உச்சரிப்பைத் திருத்திவிடுவோம்.

அந்த உச்சரிப்பே ஒரு தடயம். ஆர்மீனிய மொழிக்கு இரண்டு வழக்குகள்: உதுமானிய நாட்டு ஆர்மீனியர் பேசியது மேற்கு, இன்றைய ஆர்மீனியாவில் பேசுவது கிழக்கு. பெத்ரோஸ் என்ற பெயரின் முதல் எழுத்து மேற்கு ஆர்மீனியத்தில் bell என்ற சொல்லில் வரும் b போல ஒலிக்கும் (Bedros). கிழக்கில் p (Petros). ஒரே எழுத்துதான், ஒலி மட்டும் வேறு. இதேபோல் மேற்கின் Hagop கிழக்கில் Hakob. மேற்கின் Krikor கிழக்கில் Grigor. லத்தீன் எழுத்தில் தேடும்போது ப, த, க ஒலிகளுக்கான இரு வடிவங்களையும் போட்டுப் பாருங்கள். -யான் ஈற்றையும் -ian, -yan என்று இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள்.

கேட்டறிந்த ஊர் இன்றைய துருக்கி வரைபடத்தில் பெரும்பாலும் அதே பெயரில் கிடைக்காது. கார்பெர்த் இன்று ஹார்புத், எலாசிக் மாகாணத்தில் இருக்கிறது. ஐந்தாப் இன்று காசியாந்தெப். செய்துன் சுலேமான்லி ஆயிற்று, ஹாஜின் சாயிம்பெய்லி ஆயிற்று. கிராமங்களின் பெயர்கள் குடியரசுக் காலத்தில் மொத்தமாக மாற்றப்பட்டன. எனவே உதுமானியக் கால வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இந்த வேலை நடக்காது. தப்பியவர்கள் பின்னாளில் ஊர்ச் சங்கங்கள் அமைத்து வெளியிட்ட நினைவு நூல்களில் தெருவாரியாகக் குடும்பப் பட்டியலே கிடைப்பதுண்டு; அவை பெரும்பாலும் மேற்கு ஆர்மீனியத்தில் இருப்பதால் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் தேவைப்படுவார்.

தேதிகளில் பலர் சறுக்குவார்கள். உதுமானிய ஆவணங்களில் ரூமி ஆண்டு (அந்த அரசு பயன்படுத்திய சூரிய நாட்காட்டியின் ஆண்டு) இருந்தால் 584 கூட்டுங்கள். நாளுக்கு 13 கூட்டுங்கள்; 1900 மார்ச்சுக்கு முந்தைய தேதி என்றால் 12. கான்ஸ்டான்டிநோபிளில் ஆர்மீனிய அறிஞர்களும் தலைவர்களும் கைதான நாள் அந்தக் கணக்கில் 1331 நிசான் (ஏப்ரல்) 11. நமக்கு 1915 ஏப்ரல் 24. ரூமி ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் 1917 வரையிலான ஜனவரி, பிப்ரவரி தேதிகளுக்கு 585 கூட்ட வேண்டும். 1917 மார்ச் 1-க்குப் பிறகு 13 நாள் வித்தியாசம் போய்விட்டது, ஆண்டு எண் மட்டும் தொடர்ந்தது.

குடும்பம் அமெரிக்கா போயிருந்தால் கப்பல் பயணிகள் பட்டியலைப் பாருங்கள். 1907 முதல் அது இரண்டு பக்கங்களாக விரியும். இணையத்தில் முதல் பக்கம் மட்டும் திறப்பதால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பிறந்த ஊர் இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கும். நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதையை நம்பாதீர்கள். பட்டியல் கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. பெயரை மாற்றிக்கொண்டது பெரும்பாலும் அவர்களேதான், குடியுரிமை விண்ணப்பத்தின்போது.

அநாதையாக வளர்ந்தவர் என்றால் வேறு வழி. லெபனானில் ஆந்தூரா அநாதை விடுதியில் உதுமானியத் தளபதி ஜெமால் பாஷாவின் ஆட்கள் ஆர்மீனியக் குழந்தைகளுக்குத் துருக்கியப் பெயர்களும் எண்களும் இட்டார்கள். அப்படிப்பட்டவரின் பெயர்த் தொடர் 1915-க்கும் 1918-க்கும் நடுவே அறுந்திருக்கும். தேடினால் கிடைக்காமல் போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அலெப்போவில் டென்மார்க்கைச் சேர்ந்த காரென் யெப்பெ நடத்திய மீட்பு இல்லத்தின் பதிவேடு ஜெனீவாவில் சர்வதேச சங்க (League of Nations) ஆவணங்களோடு இருக்கிறது. பெயர், பெற்றோர், ஊர், வயது, யாரிடம் இருந்தார் என்ற குறிப்பு, பலருக்குப் புகைப்படமும் உண்டு. வயதை மட்டும் ஓரிரு ஆண்டு தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பல குழந்தைகளுக்குத் தங்கள் வயதே தெரிந்திருக்கவில்லை.

மதம் மாற்றப்பட்டு அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. துருக்கிக் குடியுரிமை உள்ளவர்கள் 2018 முதல் அரசின் இணையச் சேவையில் தங்கள் வம்சாவளியைப் பார்க்கலாம். ஒரு பாட்டியின் தகப்பன் பெயர் அப்துல்லா என்று மட்டும் இருந்து, அவருக்கு மேலே ஒருவரும் இல்லையென்றால் சற்று நிதானியுங்கள். மதம் மாறியவர்களுக்கு அப்பெயரை எழுதுவது வழக்கமாக இருந்தது. ஆனால் பிறப்பிலேயே அப்துல்லாவானவர்களும் எண்ணற்றோர். இது ஒன்றை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

பெயர்கள் கிடைத்த பின் இனப்படுகொலை நினைவு நாளான ஏப்ரல் 24 வழிபாட்டுக்குக் கொடுப்பதென்றால் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். ஆர்மீனியத் திருச்சபை 2015 ஏப்ரல் 23 அன்று தன் தலைமையிடமான எட்ச்மியாட்சினில் இனப்படுகொலையில் மாண்டவர்களைப் புனிதர்களாக அறிவித்தது. அதனால் அவர்களுக்கு 'ஹோகேஹாங்கிஸ்த்' எனும் ஆன்ம சாந்தி வழிபாடு இப்போது செய்வதில்லை. அவர்களிடம் பரிந்துரைதான் வேண்டுவார்கள். தப்பிப் பிழைத்து அலெப்போவிலோ பாஸ்டனிலோ முதுமையில் இறந்தவர்களின் பெயர்கள் மட்டும் சாந்தி வழிபாட்டுப் பட்டியலில் வர வேண்டும்.