ஐடிலில் புரோகிராமை ஓட்டுவதும் நிறுத்துவதும்

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் தொடங்குபவர்களுக்கு இந்த விளக்கம். பைத்தானை நிறுவும்போதே, புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்க்கும் மென்பொருளான ஐடிலும் (IDLE) கூட வந்துவிடும். அதில் இரண்டு ஜன்னல்கள்: புரோகிராம் எழுத எடிட்டர், விடை பார்க்க ஷெல். எந்த ஜன்னலில் நிற்கிறோம் என்று கவனிக்காததால்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

ஃபைல் மெனுவில் நியூ ஃபைல் திறந்து, எழுதி, சேமித்து, எஃப்5 அழுத்துங்கள். லேப்டாப்பில் அதற்குப் பதில் வெளிச்சமோ சத்தமோ மாறினால், எஃப்என் சாவியையும் சேர்த்து அழுத்த வேண்டும். கோப்புக்கு ரேண்டம் என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். பிறகு அதே பெயருள்ள மாட்யூலை (பைத்தானோடு வரும் ஆயத்த நிரலை) இம்போர்ட் செய்யும்போது பைத்தான் உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்திதான் மிஞ்சும்.

இப்போது ஒரு கணக்கு. மண்டிக்கு 500 கிலோ பெங்களூரா மாங்காய் வந்திருக்கிறது. ஒரு கிரேட் பெட்டிக்கு 20 கிலோ. ‘எடை’ 0 ஆகாத வரை ஒவ்வொரு சுற்றிலும் 20 கழித்து பிரிண்ட் செய்யும் ஒரு வைல் லூப் எழுதுங்கள் (மாறிக்குத் தமிழ்ப் பெயரையே பைத்தான் 3 ஏற்கும்). 25 சுற்றில் நின்றுவிடும். அந்த 20ஐ 30 ஆக்கி ஓட்டிப் பாருங்கள். 16 சுற்று முடிந்ததும் மிச்சம் 20. அடுத்த சுற்றில் −10. பூஜ்யத்தைத் தாண்டிப் போய்விட்டதால் லூப் இனி தானாக நிற்காது.

நிறுத்துவதற்கு ஷெல் ஜன்னலில் ஒருமுறை கிளிக் செய்து, கன்ட்ரோலும் சி-யும் அழுத்துங்கள். எடிட்டரில் இருந்தபடி அழுத்தினால் வெறும் காப்பிதான் ஆகும். ஷெல்லிலும் ஏதாவது எழுத்து செலக்ட் ஆகியிருந்தால் அதே கதைதான். சரியாக நின்றால் சிவப்பில் ‘கீபோர்டு இன்டரப்ட்’ என்று வரும், எந்த வரியில் நின்றது என்பதும் தெரியும். >>> குறி திரும்பியதும் ‘எடை’ என்று தட்டிப் பாருங்கள்: மைனஸில் ஓர் எண் இருக்கும். பிழை எங்கே என்பதை அதுவே சொல்லிவிடும். நிபந்தனையை ‘0-வை விடப் பெரியதாக இருக்கும் வரை’ என்று மாற்றினால் சரியாகிவிடும்.

>>> வராவிட்டால் எல்லாம் தொங்கிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இன்புட் கேட்டுக் காத்திருக்கலாம். எண்ணைத் தட்டி என்டர் அழுத்துங்கள்.

கன்ட்ரோல் சி-க்கும் அடங்காத நேரம் உண்டு. லூப்புக்குள் பிழையைப் பிடிக்கும் ட்ரை-எக்ஸெப்ட் போட்டு, எக்ஸெப்ட்டுக்குப் பக்கத்தில் பிழையின் பெயரைக் குறிப்பிடாமல் விட்டால், நீங்கள் அனுப்பும் நிறுத்தக் கட்டளையையும் அது பிழையாகப் பிடித்து விழுங்கிவிட்டுத் தொடர்ந்து ஓடும். 9**9**9 போன்ற ராட்சத அடுக்குக் கணக்கிலும், அது முடியும் வரை பைத்தான் திரும்பிப் பார்க்காது. அப்போது கன்ட்ரோலும் எஃப்6-ம், அதாவது ஷெல் மெனுவின் ரீஸ்டார்ட் ஷெல். உங்கள் புரோகிராம் தனி பிராசஸில் ஓடுவதால், எடிட்டரில் எழுதியது அப்படியே இருக்கும். மாறிகளின் மதிப்புகள் மட்டும் அழியும். அதனால் எதையாவது தட்டிப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் கன்ட்ரோல் சி-யையே முயலுங்கள்.