ரிவால்வர் குழலில் ஈயம் ஒட்டுகிறதா? முதலில் குண்டின் விட்டத்தை அளந்து பாருங்கள்

வார்த்த ஈயக் குண்டுகளை வைத்துச் சொந்தமாகத் தோட்டா நிரப்பத் தொடங்கியவர்களுக்கு வரும் முதல் தொல்லை, குழலுக்குள் ஈயம் ஒட்டிக்கொள்வது. ஈயத்தை இன்னும் கடினமாக்கு என்றுதான் பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை, விட்டத்தில் இருக்கிறது. குண்டு குழலை இறுக்கமாக அடைக்காவிட்டால், பின்னாலிருந்து வரும் சூடான வாயு ஓரமாகப் பீறிட்டு ஈயத்தை அரித்துச் சுவரில் பூசிவிடும்.

தோட்டா நிரப்ப உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

படி 1: பழைய ஈயத்தை எடுங்கள்

சிலிண்டர் (தோட்டாக்கள் இருக்கும் சுழலும் உருளை) காலிதானா என்று இரண்டு முறை பாருங்கள். தேய்ந்த வெண்கலப் பிரஷ்ஷில் செம்புக் கம்பி நாரைச் சுற்றி, குழலில் முன்னும் பின்னும் இழுங்கள். நார் காந்தத்தில் ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய இரும்பு. குழலைக் கீறிவிடும், வேண்டாம். வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊற்றும் குறுக்குவழி பக்கம் போகவே போகாதீர்கள். அதில் உண்டாகும் ஈய உப்பு நஞ்சு, எஃகையும் அரிக்கும். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

படி 2: அளவெடுங்கள்

எண்ணெய் தடவிய தூய ஈயத் துண்டு ஒன்றை மரக்குச்சியால் குழல் வழியாகத் தட்டி வெளியே எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்தால் பள்ளங்களின் (குழலின் உட்சுவரில் குண்டைச் சுழலவைக்க வெட்டியிருக்கும் சுருள் கோடுகளின்) விட்டம் கிடைக்கும். .357 மேக்னம் என்ற தோட்டா வகைக்கான குழலில் அது பொதுவாக 0.357 அங்குலம், அதற்கு 0.358 அங்குலக் குண்டு பொருந்தும். ஐந்து பள்ளம் உள்ள குழலை மட்டும் சாதாரண மைக்ரோமீட்டரால் சரியாக அளக்க முடியாது, ஏனென்றால் பள்ளங்கள் நேருக்கு நேர் அமைவதில்லை.

அப்புறம் சிலிண்டர் அறைகளின் முன்வாய். ரிவால்வரில் பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். குண்டு குழலுக்குப் போகும் முன் இந்த வாயைத் தாண்டியாக வேண்டும். வாய் குழலைவிடக் குறுகலாக இருந்தால், எவ்வளவு பெரிய குண்டைப் போட்டாலும் அது சிறுத்துத்தான் குழலுக்குள் போகும். வெறும் குண்டை முன்பக்கமிருந்து ஒவ்வொரு வாயிலும் வைத்து அழுத்துங்கள். லேசான விரல் அழுத்தத்தில் நுழைந்தால் சரி. தானாக விழுந்தால் குண்டு சிறியது. நுழையவே மறுத்தால் வாயை அகலப்படுத்த வேண்டியிருக்கலாம். அதைத் தேர்ந்த துப்பாக்கிப் பணியாளரிடம் விடுங்கள்.

படி 3: நிரப்பும்போது குண்டைக் கெடுக்காதீர்கள்

கேஸின் (வெடிமருந்தும் குண்டும் அடங்கும் உலோகக் கூட்டின்) வாயைச் சற்று விரித்த பிறகே குண்டை வையுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு ஈயத்தைச் சீவிவிடும். பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிமருந்தும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்று செய்து, குண்டைப் பிடுங்கி மறுபடி அளந்து பாருங்கள். கேஸோ, கேஸின் வாயை மடக்கிக் குண்டை இறுக்கும் கிரிம்ப் டையோ அதை நசுக்கியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். வெடிமருந்தின் எடையை, அந்தக் குண்டுக்கென்றே சோதித்து வெளியிட்ட கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள். அதிலுள்ள குறைந்த அளவில் தொடங்குங்கள்.

படி 4: சுட்டபின் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்

சிலிண்டர் பக்கம் ஒட்டியிருந்தால் அளவுப் பொருத்தத்தைச் சந்தேகியுங்கள். குழல் முனையில் என்றால், குண்டிலுள்ள மசகு பாதி வழியிலேயே தீர்ந்துபோகிறது; வேறு மசகு போட்டுப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து ஈயம் இன்னும் ஒட்டினால்தான் கடினத்துக்கு வர வேண்டும். உலோகத்தின் கடினத்தைக் காட்டும் பிரினெல் அளவில் தூய ஈயம் சுமார் 5, வண்டிச் சக்கரத்தைச் சமன்செய்யப் பொருத்தும் பழைய ஈய எடைகள் சுமார் 12, அச்சு எழுத்து வார்க்கப் பயன்பட்ட லினோடைப் ஈயக் கலவை சுமார் 22. குறைந்த அழுத்தத் தோட்டாவில் லினோடைப் போன்ற கடினக் குண்டு விரிந்து குழலை அடைக்காது, அதனால் ஈயம் முன்பைவிட அதிகமாகவே ஒட்டும்.