அத்தைக்கு ஒரு சின்னப் புத்தகம்: வீட்டுப் பெரியவளின் வாழ்க்கையை எழுதிவைக்க நினைப்பவர்களுக்கு

முதலில் ஃபிளெக்ஸ் வாசகத்தைத் தூரப் போடுங்கள். "பாசத்தின் இருப்பிடமே, பண்பின் சிகரமே" என்று எழுதினால் அது உங்கள் அம்மாவுக்கும் பொருந்தும், எதிர்வீட்டு அம்மாவுக்கும் பொருந்தும். நான் பாம்பனில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று வருகிறவர்களிடம் "அம்மா என்ன வேலை பாத்தாங்க?" என்று பேச்சுவாக்கில் கேட்பேன். கடலில் பாசி எடுத்தே பிள்ளைகளைக் கரையேற்றிய பொம்பளையைப் பற்றி மகன் சொல்வான்: "வேலையெல்லாம் ஒண்ணுமில்லக்கா, வீட்டுலதான் இருந்துச்சு."

இந்தக் கடுப்பில்தான் என் மாமியாரின் தலைத்திவசத்துக்குச் சின்னதாக ஒரு புத்தகம் போட்டோம். நான் பரமக்குடிக்காரி. கடலையே கல்யாணத்துக்குப் பிறகுதான் பக்கத்தில் பார்த்தேன். அத்தை தண்ணீருக்குள் என்ன செய்தார் என்று தெரியாததால் ஒவ்வொன்றையும் கேட்க வேண்டியிருந்தது. அதனால் சொல்கிறேன், வீட்டில் எழுதத் தெரிந்த மருமகளோ பேத்தியோ இருந்தால் வேலையை அவளிடம் கொடுங்கள். மகன்கள் "அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

ஆட்களைக் கேட்பதற்கு முன் பெட்டியைத் திறங்கள். ரேஷன் கார்டு, மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டப் புத்தகம், குழுவின் தீர்மான நோட்டு எல்லாம் எங்காவது கிடக்கும். ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் இருக்கும் பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். பாதிப் பேருக்கு ஜனவரி ஒண்ணுதான் பிறந்தநாள்.

அத்தையின் தகரப்பெட்டியில் எனக்குக் கிடைத்தவற்றில் உருப்படியானது நகைக்கடன் ரசீதுக் கட்டுதான். எல்லா ரசீதிலும் அதே ஒரு ஜோடி தோடு, அதே எடை. தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். பெரும்பாலும் ஏப்ரல் கடைசியில் அடகுக்குப் போயிருக்கிறது. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் விசைப்படகுக்குப் போகும் மாமாவுக்கு வருமானம் நின்றுவிடும். தடை முடிகிற நேரத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். 2017-ல் 45 நாள் தடை 61 நாளானபோது தோடு இன்னும் தாமதமாக வீடு வந்திருக்கிறது. பெரியவன் எப்போது படிப்பை விட்டான், சின்னவள் நர்சிங் சேர்ந்த வருஷம் எது என்பதெல்லாம் அந்தக் கட்டிலேயே இருந்தது. அப்படியே ஒரு பக்கத்தில் பட்டியலாகப் போட்டுவிட்டேன், விளக்கம் எதுவும் எழுதவில்லை.

வருஷம் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. ஊரே மறக்காத நாட்களோடு சேர்த்துக் கேளுங்கள். எங்கள் தீவில் 1964 புயல், ரோட்டுப் பாலம் திறந்த 1988, சுனாமி வந்த 2004, கலாம் ஐயாவைப் பேக்கரும்பில் அடக்கம் செய்த 2015. "பாலம் திறந்தப்ப மூத்தவன் கைப்பிள்ளையா, நடந்தானா?" என்று கேட்டால் பதில் டக்கென்று வரும்.

கேள்வி முக்கியம். "அவுக எப்படிப்பட்டவுக?" என்று கேட்டால் "தங்கமான மனுசி" என்பார்கள், அதோடு சரி. காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், தண்ணீர் எங்கே எடுத்தார், எதற்குக் கோபப்படுவார், யாருடன் சண்டை என்று கேளுங்கள். குளோரின் வாசம் அடிக்கும் குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன், மணலில் தோண்டிய ஊத்தில் சிரட்டையால் கோரிக் கோரிக் குடம் நிறைத்த கதை இப்படித்தான் வந்தது. பெண்கள் கருவாடு காயப்போடும்போதும் பாசி அலசும்போதும் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். கை வேலையாக இருந்தால் வாய் தானாகப் பேசும். ஆண்கள் இருந்தால் அவர்களே பதில் சொல்வார்கள், ஆகவே மாமாவைத் தனியாக வேறொரு நாள் பிடியுங்கள். போனில் பதிவு செய்தால் சுவரோரமாக உட்காருங்கள், இல்லாவிட்டால் தென்கடல் காற்று இரைச்சல் மட்டும்தான் பதிவாகியிருக்கும்.

எழுத ஆரம்பிக்கும்போது "இன்ன வருஷம் இன்ன ஊரில் பிறந்தார்" வேண்டாம். ஒரு வேலைநாளிலிருந்து தொடங்குங்கள். எங்கள் புத்தகத்தின் முதல் பத்தி இது:

"அமாவாசை கழிந்த மறுநாள். விடியுமுன்னே அத்தை பழைய சேலையை நாடா நாடாவாகக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொள்வார். கட்டைவிரலுக்கு மட்டும் இரண்டு சுற்று. மரிக்கொழுந்துப் பாசி பாறையோடு ஒட்டிக் கிடக்கும், கிள்ளித்தான் எடுக்க வேண்டும். சேலைக்கு மேல் மாமாவின் முழுக்கைச் சட்டை. கண்ணாடியின் உள்பக்கம் எச்சில் தொட்டுத் தேய்ப்பார், இல்லாவிட்டால் மூச்சுப் பட்டு மங்கிவிடும். பையை இடுப்பில் முடிந்துகொண்டு முங்கினால், மேலே நிற்கிறவள் மனசுக்குள் எண்ண ஆரம்பிப்பாள். கரை ஏறியதும் வெற்றிலை. அப்புறம்தான் பேச்சு."

தொழில் பெயர்களை மாற்றாதீர்கள். கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, மூங்கில் மிதவையில் வளர்க்கும் பெப்சிப் பாசி என்று அவர்கள் வாயில் வருவதுபோலவே இருக்கட்டும். "கடற்பாசி சேகரிப்பு" என்று எழுதினால் அத்தைக்கே புரியாது. ஊர் நடப்பையும் தேவையான இடத்தில் சேருங்கள். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்துத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். பின்னால் தீவுப் பக்கம் பாசி எடுப்பது கெடுபிடியானது. இது தெரியாமல், குழுப் பெண்களோடு அத்தை ஏன் மனுவும் கையுமாக ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினார் என்பது பேரப்பிள்ளைகளுக்குப் புரியாது.

சம்பளமில்லாமல் ஊருக்குச் செய்ததைத் தேடுவதுதான் சிரமம். அதற்கு ரசீது கிடையாது. எங்கள் வீட்டில் ஆணியில் எப்போதும் ஒரு மஞ்சப்பை தொங்கும். துவைத்த வேட்டித்துணி, பிளாஸ்க், டம்ளர், சோப்பு, சில்லறை முடிந்த கைக்குட்டை எல்லாம் அதில் இருக்கும். தெருவில் யாருக்குப் பிரசவவலி கண்டாலும் அத்தை அந்தப் பையோடு துணைக்குக் கிளம்பிவிடுவார். யார் யாருக்குப் போனார் என்று வீட்டில் யாருக்கும் கணக்குத் தெரியவில்லை.

இந்த மாதிரி விஷயத்துக்கு வேண்டியவர்களைவிட, பேச்சு முறிந்தவர்களிடம் முதலில் போங்கள். குழுக் கடன் தகராறில் அத்தையோடு பல வருஷம் பேசாமலிருந்த ஒரு பெரியம்மா இருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே போட்டிருக்கிறோம்: "எம் மகளுக்கு ராத்திரி வலி எடுத்துச்சு. கதவைத் தொறந்தா வாசல்ல பையோட நிக்கிறாக. ஆஸ்பத்திரியில மூணு நாளும் கூடவே இருந்தாக. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. எம் மககிட்டதான் பேசுனாக." நாங்கள் எழுதியிருந்தால் சண்டையை மறைத்திருப்போம், இந்தக் கதையும் போயிருக்கும்.

ஆனால் அத்தை யாருக்கு எவ்வளவு கொடுத்தார், யார் திருப்பித் தரவில்லை என்பதில் பெயர் போடக்கூடாது. யார் வீட்டுப் பிரசவம் என்றும் எழுதக்கூடாது, அவர்களே சம்மதித்தால் ஒழிய. எடை போடும்போது மண்ணுக்குக் கழிவு என்று அள்ளிக்கொண்ட ஏவாரியோடு அத்தை போட்ட சண்டையைச் சேர்த்தோம், ஏவாரி பெயரை விட்டுவிட்டோம்.

படத்துக்கு அதிகம் அலைய வேண்டாம். உப்புக்காற்றில் ஆல்பம் பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருக்கும். பிய்க்காமல் நிழலில் வைத்து, பிளாஷ் இல்லாமல் போனிலேயே எடுங்கள். ஸ்டூடியோவில் பட்டுச்சேலையும் சங்கிலியும் ஒட்டித் தருகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சங்கிலி அவரிடம் இருந்ததே இல்லை.

அச்சுக்குக் கொடுக்குமுன் கூடப் பாசி எடுத்தவர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். எந்தப் பாறை, எந்தப் பாசி என்று அவர்களே திருத்துவார்கள். ஏ4 தாளை இரண்டாக மடித்து நடுவில் ஸ்டேப்லர் அடித்தால் போதும், ஜெராக்ஸ் கடையிலேயே முடிந்துவிடும். பின்னால் நாலு பக்கம் வெறுமையாக விடுங்கள், விட்டுப்போனதை எழுத யாராவது வருவார்கள். எழுத்து மட்டும் பதினாறு பாயிண்டுக்குக் குறைய வேண்டாம். வாங்கிப் படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்குக் கண்புரை.