செதிலைப் பார்ப்பது எப்படி: அகாசி வழியில்

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கினால் செதில் நாலைந்தை எடுத்து வையுங்கள். கட்லாவில் இரண்டு, சங்கராவில் இரண்டு, சுறா கிடைத்தால் கட்டைவிரல் அகலத்துக்குத் தோல். கல்லூரி விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் இருந்தவரை பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் ஆரம்பித்துக் கொடுத்தேன்.

வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் வழவழப்பு போகத் தேயுங்கள். அப்படியே காயவிட்டால் சுருண்டுகொள்ளும். ஒரு வகுப்புக்கென்று சேர்த்ததை அப்படிக் கோட்டைவிட்டவன் நான். ஈரத்தோடு இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே வைத்து நூலால் கட்டிவிடுங்கள். சாதாரண கைலென்ஸ் போதும்.

கட்லா செதிலின் ஓரம் மழமழவென்று இருக்கும். உள்ளே வட்டம் வட்டமாகக் கோடுகள். சங்கரா செதிலில் வெளியே தெரிகிற ஓரத்தில் சீப்புப் பல் போல நுண்முள். சுறாத் தோலைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், திருப்பித் தடவினால் உப்புத்தாள். அந்தச் சொரசொரப்பு ஒவ்வொன்றும் நம் பல்லைப் போன்ற அமைப்புதான். நான்காவது வகை, ஓடு பதித்தது போலத் தடித்துப் பளபளப்பது, நம் மீன் கடையில் கிடைக்காது. வட அமெரிக்காவின் கார் (gar) என்ற மீனில் உண்டு.

செதிலை இந்த நான்கு வகையாகப் பிரித்தவர் லூயி அகாசி. சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெலில் பேராசிரியராக இருந்தபோது, 1833 முதல் 1843 வரை, புதைபடிவ மீன்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். செதிலை வைத்தே மீன்குலத்தை வகுக்கலாம் என்பது அவர் கணக்கு. அது நிற்கவில்லை. சில தட்டை மீன்களில் கண் உள்ள பக்கம் சீப்புச் செதில், மறுபக்கம் மழமழச் செதில்! அந்த நான்கு வகைக்கும் அவர் வைத்த பெயர்கள் மட்டும் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன.

அப்புறம், பென்சிலை எடுங்கள். பிற்பாடு அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியபோது, சாமுவேல் ஸ்கட்டர் என்ற மாணவரிடம் சாராயத்தில் ஊறிய ஒரு மீனைக் கொடுத்து, பார் என்று சொல்லிவிட்டு அகாசி போய்விட்டார். லென்ஸ் கூடாது. பொழுது போகாமல் ஸ்கட்டர் வரைய ஆரம்பித்த பிறகுதான் புதிது புதிதாகக் கண்ணில் பட்டது. அந்த ஒரே மீனோடு மூன்று நாள். நீங்கள் அரை மணி நேரமாவது உட்காருங்கள்.

இப்படிக் கூர்ந்து பார்க்கும் கண் மனிதர்களிடம் அகாசிக்கு வேலை செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பினத்தவர் தாழ்ந்தவர் என்றே அவர் எழுதியும் பேசியும் வந்தார். டார்வினையும் கடைசிவரை ஏற்கவில்லை. நியூஷாட்டெலில் அவர் பெயரில் இருந்த சதுக்கத்துக்கு 2019இல் வேறு பெயர் வைத்தார்கள். சரியான காரியம்.

வரைந்ததும் செதிலை ஓர் உறையில் போட்டு, மீனின் பெயர், தேதி, உடம்பில் எந்த இடம் என்று எழுதுங்கள். ஒன்றில் மட்டும் நடுவே சின்னக் குழாய் தெரிந்தால் அது பக்கக்கோட்டுச் செதில், அதாவது மீனின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் கோட்டில் இருப்பது. தனி உறையில் வையுங்கள்.