கருங்கல் பிளவில் இறங்கிய கரைப்பானைச் சுத்தம் செய்வது எப்படி?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் பக்கம் ஆழ்துளை போட வரும் புதுத் தம்பிகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பம்பை இறக்க அவசரப்படாதீர்கள். பினாங்குத் தீவின் அடியில் கருங்கல். தண்ணீர் கல்லுக்குள் ஓடுவதில்லை, பிளவுகளில் ஓடுகிறது. உலோகத்தைக் கழுவப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் தண்ணீரைவிட 1.46 மடங்கு அடர்த்தி. மிதக்காது, பிளவு பிளவாகக் கீழே இறங்கிவிடும்.

முதலில் கசியும் தொட்டியை நிறுத்துங்கள். அப்புறம் துளையில் எடுத்த கல்லைக் கழுவி வெயிலில் பாருங்கள். உடைந்த முகத்தில் துருப் பழுப்பு படிந்திருந்தால் அங்கே தண்ணீர் ஓடியிருக்கிறது. பளிச்சென்று இருந்தால் பெரும்பாலும் துளையிடும்போது உடைந்தது. துளைக்குள் கேமரா இறக்கி ஆழத்தை உறுதி செய்யுங்கள். அந்தப் பிளவுக்கு மேலும் கீழும் ரப்பர் பேக்கரை ஊதி அடைத்து, அங்கிருந்து மட்டும் மாதிரி எடுங்கள்.

வேலை முடிந்ததும் துளையைத் திறந்தபடி விடாதீர்கள். மேல்பிளவின் விஷம் அதன் வழியே சுத்தமான அடிப்பிளவுக்குப் போய்விடும். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கரைப்பானைச் சிதைக்கும் ஊதா நிற இரசாயனமான பெர்மாங்கனேட்டைச் செலுத்தினால் பிளவில் உள்ளது வேகமாக அழியும். ஆனால் நுண்வெடிப்புகளில் ஊறியது மெல்லத் திரும்பி வரும். ஊதா நிறம் மறைந்த பிறகும் மாதங்கள் தாண்டிச் சோதியுங்கள். தாவர எண்ணெய்க் கலவையும் கரைப்பானைச் சிதைக்கும் பாக்டீரியாவும் செலுத்தினால், பாதி சிதைவில் உருவாகும் வினைல் குளோரைடை விடாமல் அளந்து பாருங்கள். அது முதலில் இருந்த கரைப்பானைவிடக் கொடியது. அதுவும் சிதைந்து தீங்கற்ற எத்திலீன் வருகிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.