மலேரியா ஊசி போட்ட குழந்தையை எப்படி பாத்துக்கணும்

கொசு கடிக்கும்போது எச்சிலோட உள்ள வர்ற மலேரியா கிருமி சீக்கிரமே ஈரலுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும், அதுக்கு முன்னாடியே ரத்தத்துல சுத்துற ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கிற புரதம்) அது மேல ஒட்டி நகர விடாம பண்ணணும், ஆர்டிஎஸ்எஸ், ஆர்21ங்கிற ரெண்டு மலேரியா தடுப்பூசியும் நம்புறது இதைத்தான். உள்ள நுழைஞ்சிட்டா இந்த ஆன்டிபாடி கைக்கு எட்டாது. அதனால அளவு நிறைய இருக்கணும், ஆனா மாசம் போகப் போக இறங்கிடும், பெரிய தொல்லையே இதான்.

2019ல ஆப்பிரிக்க நாடான மலாவில ஆர்டிஎஸ்எஸ் போட ஆரம்பிச்சப்போ 5, 6, 7 மாசத்துல மூணு டோஸ், 22வது மாசத்துல நாலாவது. நாட்டுக்கு நாடு மாறும், குழந்தையோட தடுப்பூசி கார்டைப் பாருங்க, நாலாவதை மட்டும் விட்டுடாதீங்க. ஊசி போட்டாச்சேன்னு கொசுவலையை மடிச்சு வைக்கவே கூடாது. காய்ச்சல் அடிச்சா அன்னிக்கே ரத்த டெஸ்ட் எடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்னு இழுக்காதீங்க.