நெல் கொள்முதல் நிலையத்தை வைத்துப் பாய்வுப்படமும் போலிக்குறிமுறையும் எழுதிப் பழகுதல்

தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடை முடிந்ததும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல் அம்பாரமாகக் குவிந்து கிடக்கும். ஒவ்வொரு குவியலுக்கும் அங்கே நடப்பது ஒரே வேலைதான். ஈரப்பதமானியில் ஈரம் பார்க்கிறார்கள். 17 விழுக்காட்டுக்கு மிகாமல் இருந்தால் தூற்றி, 40 கிலோ சிப்பங்களாக எடைபோட்டுப் பிடிக்கிறார்கள். மிகுந்திருந்தால் மீண்டும் உலர்த்தச் சொல்கிறார்கள். நிரல், அதாவது கணினிக்கான கட்டளைத் தொடர், எழுதத் தொடங்கும் மாணவருக்கு இது மிக ஏற்ற பயிற்சிக் கணக்கு. வேலையின் படிகளைப் பெட்டிகளாலும் அம்புகளாலும் வரைந்து காட்டுவது பாய்வுப்படம்; அதே படிகளை, எந்த நிரல்மொழியின் இலக்கணமும் இல்லாமல், வரிகளாக எழுதுவது போலிக்குறிமுறை. ஒரு நெறிமுறைக்கு, அதாவது அல்காரிதத்துக்கு, வேண்டிய, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் வரிசை, கேள்வியின் விடையைப் பொறுத்துப் பிரியும் தேர்வு, மீண்டும் மீண்டும் செய்யும் சுழற்சி ஆகிய மூன்று அமைப்புகளும் இதில் அடங்கியிருக்கின்றன.

படி 1: உள்ளீடும் வெளியீடும்

படம் வரைவதற்கு முன்பு, என்ன உள்ளே வருகிறது, என்ன வெளியே போக வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியவை இரண்டு: அன்று கொள்முதல் செய்த மொத்த எடை, உலர்த்துவதற்காகத் திருப்பப்பட்ட குவியல்களின் எண்ணிக்கை. உள்ளே வருபவை ஒவ்வொரு குவியலின் ஈரப்பதமும் அதிலிருந்து பிடித்த சிப்பங்களின் எண்ணிக்கையும். இவற்றுள் ஈரப்பதம்தான் முதலில் வர வேண்டும்; ஏற்கப்படாத நெல்லுக்குச் சிப்பக் கணக்கே கிடையாது என்பதால், இரண்டையும் ஒன்றாகக் கேட்கும் நிரல் களத்து நடைமுறைக்குப் பொருந்தாது.

குவியல்கள் எத்தனை வரும் என்பது காலையில் யாருக்கும் தெரியாது. ஆகவே வேலை முடிந்ததை நிரலுக்கு அறிவிக்க ஓர் அடையாள மதிப்பு தேவை. வயலிலிருந்து வரும் எந்த நெல்லிலும் ஈரப்பதம் 0 ஆக இருக்காது என்பதால், ஈரப்பதத்துக்கு 0 கொடுத்தால் அன்றைய கணக்கு முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான தரவில் ஒருபோதும் வராத மதிப்பையே இப்படி அடையாளமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 2: பாய்வுப்படம்

குறியீடுகள் சிலவே. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நீள்வட்டம், உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இணைகரம், கணக்கீட்டுக்குச் செவ்வகம், கேள்விக்குச் சாய்சதுரம், இவற்றை இணைக்க அம்புக்குறி. சர்வதேசத் தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 5807 என்ற 1985ஆம் ஆண்டுத் தரநிலையில் இன்னும் பல உண்டு; தொடக்க நிலையில் அவை தேவைப்படுவதில்லை.

நீள்வட்டத்தில் ‘தொடங்கு’ என்று எழுதி, அதன் கீழ் ஒரு செவ்வகத்தில் வரம்பு = 17, மொத்தஎடை = 0, திருப்பியவை = 0 எனத் தொடக்க மதிப்புகளைக் கொடுங்கள். 17 என்ற எண்ணை நேரடியாகக் கேள்விக்குள் எழுதாமல் ‘வரம்பு’ என்று பெயரிடுவதற்குக் காரணம் இருக்கிறது: பருவம் தப்பிய மழையில் கதிர்கள் நனைந்த ஆண்டுகளில் மத்திய அரசு இந்த வரம்பைத் தளர்த்துவது உண்டு, அப்போது ஓர் இடத்தில் மட்டும் எண்ணை மாற்றினால் போதும்.

அடுத்து, இணைகரத்தில் ‘ஈரப்பதத்தைப் பெறு’. அதன் கீழ் முதல் சாய்சதுரம்: ஈரப்பதம் = 0? ‘ஆம்’ என்ற அம்பு மொத்தஎடையையும் திருப்பியவையையும் அச்சிடும் இணைகரத்துக்கும், அங்கிருந்து முடிவுக்கும் செல்லும். ‘இல்லை’ என்ற அம்பு இரண்டாவது சாய்சதுரத்துக்குச் செல்லும்: ஈரப்பதம் ≤ வரம்பு? ‘ஆம்’ எனில் சிப்பங்களின் எண்ணிக்கையைப் பெற்று, அதை 40ஆல் பெருக்கி மொத்தஎடையுடன் கூட்ட வேண்டும். ‘இல்லை’ எனில் திருப்பியவையில் 1 கூட்டி, ‘உலர்த்திக் கொண்டுவரவும்’ என்று அச்சிட வேண்டும். இரு கிளைகளும் ஒன்றுசேர்ந்து, ‘ஈரப்பதத்தைப் பெறு’ என்ற இணைகரத்துக்கே திரும்ப வேண்டும்.

இந்தத் திரும்பும் அம்பை வரையும்போது கவனம் தேவை. அது ஒரு பெட்டி தள்ளி, தொடக்க மதிப்புகள் உள்ள செவ்வகத்துக்குப் போய்விட்டால், ஒவ்வொரு குவியலுக்குப் பிறகும் மொத்தஎடை அழிந்து, எத்தனை மூட்டை வந்தாலும் இறுதியில் 0 என்றே அச்சாகும்.

படி 3: போலிக்குறிமுறை

இங்கே ← என்ற குறி, வலப்பக்க மதிப்பை இடப்பக்கப் பெயருக்குக் கொடு என்று பொருள்படும்.

தொடங்கு
    வரம்பு ← 17
    மொத்தஎடை ← 0
    திருப்பியவை ← 0
    ஈரப்பதத்தைப் பெறு
    ஈரப்பதம் ≠ 0 ஆக இருக்கும் வரை செய்
        ஈரப்பதம் ≤ வரம்பு எனில்
            சிப்பம் எண்ணிக்கையைப் பெறு
            மொத்தஎடை ← மொத்தஎடை + சிப்பம் × 40
        இல்லையெனில்
            திருப்பியவை ← திருப்பியவை + 1
            ‘உலர்த்திக் கொண்டுவரவும்’ என அச்சிடு
        எனில்-முடிவு
        ஈரப்பதத்தைப் பெறு
    சுழற்சி-முடிவு
    மொத்தஎடை, திருப்பியவை அச்சிடு
முடி

படத்தில் ஒரே முறை வந்த ‘ஈரப்பதத்தைப் பெறு’ இங்கே இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். தொடக்கநிலை மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். பாய்வுப்படத்தின் அம்பு எந்தப் பெட்டிக்கும் தாவலாம். போலிக்குறிமுறையில் அம்பு கிடையாது. அங்கே சுழற்சி, தன் நிபந்தனைக்கு மட்டுமே திரும்புகிறது. நிபந்தனையைச் சோதிக்க ஒரு மதிப்பு முன்னரே கையில் இருக்க வேண்டும் என்பதால் சுழற்சிக்கு வெளியே ஒரு முறையும், அடுத்த குவியலுக்காக உள்ளே கடைசி வரியாக ஒரு முறையும் அதைப் பெறுகிறோம். உள்ளே உள்ள வரியை விட்டுவிட்டால் முதல் குவியலின் ஈரப்பதமே மாறாமல் நின்று, சுழற்சி ஒருபோதும் முடியாது.

அம்பு இல்லாதது குறைபாடு என்று எண்ண வேண்டியதில்லை. வரிசை, தேர்வு, சுழற்சி ஆகிய மூன்றைக் கொண்டே எந்தப் பாய்வுப்படத்தையும் மாற்றி எழுதிவிடலாம் என்பதை இத்தாலியைச் சேர்ந்த போம், யாக்கோபினி என்ற கணினி அறிஞர்கள் இருவர் 1966இல் வெளியான தங்கள் கட்டுரையில் நிறுவினர். பைத்தான், சி போன்ற நிரல்மொழிகளில் பிறகு நீங்கள் எழுதப்போவதும் இந்த வடிவத்தில்தான் என்பதால், முதல் சில கணக்குகளுக்கு மட்டும் படம் வரைந்து, பின்னர் நேரடியாகப் போலிக்குறிமுறைக்குச் செல்வதே நல்லது என்பது என் கருத்து. கேள்விகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் கணக்குகளுக்குப் படம் எப்போதும் உதவும்.

படி 4: கையால் ஓட்டிப் பார்த்தல்

கணினியைத் தொடுவதற்கு முன் இந்த மதிப்புகளை வரிசையாகக் கொடுத்துப் பாருங்கள்: ஈரப்பதம் 16.5, சிப்பம் 50, ஈரப்பதம் 18.2, ஈரப்பதம் 17, சிப்பம் 30, ஈரப்பதம் 0. முதல் குவியலுக்குப் பின் மொத்தஎடை 2000. இரண்டாவது திருப்பப்படுவதால் எடை மாறாமல், திருப்பியவை 1 ஆகிறது. மூன்றாவதற்குப் பின் மொத்தஎடை 3200. அடுத்து 0 வந்ததும் சுழற்சி நின்று, 3200, 1 என்று அச்சாகிறது.

மூன்றாவது குவியலை வேண்டுமென்றே சரியாக 17இல் வைத்திருக்கிறேன். ≤ என்பதற்குப் பதிலாக < என்று எழுதியிருந்தால் அந்த 30 சிப்பமும் திருப்பப்பட்டு, 2000, 2 என்ற விடை வந்திருக்கும். ஒரு விவசாயியின் 1200 கிலோ நெல் ஒரு சிறு கோட்டால் களத்திலேயே நின்றுவிடும். எல்லையில் நிற்கும் மதிப்பைக் கொடுத்துப் பார்க்காத சோதனை, சோதனையே ஆகாது. அதேபோல் முதல் உள்ளீடாகவே 0 கொடுத்து, ஒரு குவியலும் வராத நாளிலும் 0, 0 என்று ஒழுங்காக அச்சாகிறதா என்றும் பாருங்கள்.

பயிற்சி

ஏற்கப்பட்ட குவியல்களின் சராசரி ஈரப்பதத்தையும் அச்சிடுமாறு மேலுள்ள போலிக்குறிமுறையை விரிவாக்குங்கள். ஈரப்பதங்களின் கூட்டலுக்கும் ஏற்கப்பட்டவற்றின் எண்ணிக்கைக்கும் மொத்தஎடை போல மதிப்பை வைத்திருக்கும் இரண்டு புதிய மாறிகள் வேண்டும். அடைமழை நாளில் வந்த குவியல்கள் அனைத்துமே திருப்பப்பட்டால் அந்த எண்ணிக்கை 0 ஆகும். 0ஆல் வகுக்க முடியாது. ஆகவே வகுப்பதற்கு முன் இன்னொரு கேள்வி தேவைப்படுகிறது. அந்தச் சாய்சதுரம் சுழற்சிக்கு உள்ளே வருமா, வெளியே வருமா என்பதை முதலில் படத்தில் குறித்துவிட்டு, பிறகு வரிகளை எழுதுங்கள்.